தாவி எண்ணுகிறதா, ஒப்பிக்கிறதா?

ஸ்ரீரங்கம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இன்று இருப்பவை 953 தூண்கள். அவற்றை ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணப் புகுந்தால், ஐம்பதைத் தாண்டுவதற்குள் எதை எண்ணினோம், எதை விட்டோம் என்று குழம்பிவிடும். வரிசைக்கு இத்தனை என்று பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தாவினால்தான் கணக்கு கைக்குள் அடங்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ‘தாவி எண்ணுதல்’ இதுதான். பெருக்கலுக்கு அதுவே வாசற்படி. வீடுகளில் ஊறிப்போன சில நம்பிக்கைகள் பிள்ளைகளை அந்தப் படியைத் தாண்டவிடாமல் நிறுத்திவிடுகின்றன.

நம்பிக்கை: “அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு மடமடன்னு சொல்றான். கத்துக்கிட்டான்.”

உண்மை: அவனுக்கு வந்திருப்பது ராகம். எண்ணிக்கை வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பல்லாங்குழி போதும். பலகையில் 14 குழிகள். குழிக்கு ஐந்து சோழி போட்டுவிட்டு மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். ஒப்பிக்க மட்டும் தெரிந்த குழந்தை முதல் குழியிலிருந்து ஒன்று, இரண்டு என்று சோழியைத் தொடும். தாவத் தெரிந்த குழந்தை குழியைத் தொடும். ஒரு தொடலுக்கு ஐந்து ஏறும். கடைசிக் குழியில் எழுபது வந்து நிற்கும். நடுவே முப்பத்தைந்தில் நிறுத்தி, “இதுவரை எத்தனை குழி?” என்று கேட்கலாம். “ஏழு” என்று பதில் வந்தால் பெருக்கல் தொடங்கிவிட்டது. ஆட்டத்துக்குள்ளேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. ஆட்டம் முடிந்ததும் எடுத்த பசுக்களை நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணிவிடலாம்.

ஸ்ரீரங்கத்து வீதிகளில் பூக்கட்டுபவரின் விரல்களைச் சற்று நின்று பார்த்தால் இதே கணக்கு ஓடுவது தெரியும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், வாழைநாரில் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு நான்கு பூ. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், “பத்து முடிச்சில் எத்தனை பூ?” என்று கேட்க வேறு கருவி எதுவும் வேண்டாம்.

நம்பிக்கை: “விரல் விட்டு எண்ணினால் மூளை மந்தமாகிவிடும்.”

உண்மை: இந்த ஒரு நம்பிக்கைக்காகப் பிள்ளைகள் வாங்கும் திட்டுக்கு அளவில்லை. லோசான் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் தெவெனோவும் குழுவினரும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. விரலைப் பயன்படுத்தாத 5, 6 வயதுக் குழந்தைகளுக்கு விரல்விட்டு எண்ணக் கற்றுக்கொடுத்ததும், கூட்டலில் அவர்களது சரியான விடைகள் சுமார் 37 விழுக்காட்டிலிருந்து 77 விழுக்காடாக உயர்ந்தன. நம் ஊரில் ஜபம் செய்யும் பெரியவர்கள் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணுகிறார்கள். விரலுக்கு மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. மூன்று மூன்றாக எண்ணிப் பழக அந்தக் கை போதும். மனக்கணக்கு வந்ததும் குழந்தை தானாகவே விரலை விட்டுவிடும். அதுவரை தடுக்காதீர்கள்.

நம்பிக்கை: “இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்ப்பாட்டின் வரிசையில்தான் போக வேண்டும்.”

உண்மை: பத்து, ஐந்து, இரண்டு ஆகியவைதான் எளிது. பத்தில் கடைசி எண் மாறுவதே இல்லை. ஐந்தில் ஐந்தும் சுழியும் மாறி மாறி வரும். கடையில் புழங்கும் நாணயங்களிலும் இவை உண்டு. மூன்றும் ஏழும் நிதானமாக வரட்டும்.

நம்பிக்கை: “தொடக்கத்திலிருந்துதான் எண்ண வேண்டும்.”

உண்மை: சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே இதை மறுக்கிறது. முதல் சனிக்கிழமை 5-ஆம் தேதி என்றால் அடுத்தவை 12, 19, 26. ஏழு ஏழாகத் தாவினாலும் ஏழாம் வாய்ப்பாட்டின் எந்த எண்ணும் இதில் இல்லை. மூன்றிலிருந்து பத்துப் பத்தாக, ஐம்பதிலிருந்து பின்னோக்கி ஐந்தைந்தாக என்று எண்ணிப் பழகிய பிள்ளைக்குக் கழித்தலும் பிடிபடும்.

“அந்தக் காலத்தில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை உருப்போட்டுத்தானே எல்லாரும் கணக்கில் புலியானார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. உருப்போட்டது உண்மைதான். ஆனால் திண்ணைப் பள்ளிப் பிள்ளை எண்சுவடியோடு, எண் வரிசைகளைச் சொல்லும் பொன்னிலக்கமும் நெல் அளவைகளைச் சொல்லும் நெல்லிலக்கமும் படித்தது. எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று வாய் சொல்லிய நெல்லை, காவிரிக் கரைக் களத்தில் மரக்காலால் அளப்பதைக் கண் பார்த்தது. திண்ணைப் பள்ளிக் கணிதத்தை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, அந்த மனப்பாடம் அன்றாடக் கணக்கோடு பின்னிக்கிடந்தது என்று காட்டியிருக்கிறார். நாம் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு நெல்லை விட்டுவிட்டோம்.

வீட்டில் பல்லாங்குழி இல்லையென்றால் முட்டை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 30 பள்ளங்கள். ஒரு பக்கமாகப் பார்த்தால் ஐந்தைந்தாக ஆறு வரிசை; திருப்பி வைத்தால் ஆறாறாக ஐந்து வரிசை.