குடம்பி நீந்தும் சில மணி நேரம்

கடற்பஞ்சைப் பற்றிப் படிக்கப் புறப்பட்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

இரணைமடுக் குளக்கட்டில் இருந்துகொண்டு கடல் உயிரைப் பற்றி என்ன படிப்பு என்று உங்களைச் சிலர் கேட்டார்களாம். கனகராயன் ஆறுதான் நம் குளத்தை நிரப்புகிறது. குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் சுண்டிக்குளம் கடல்நீரேரி வரை போகிறது. கடல் நமக்கு அந்நியமில்லை. நெடுங்காலம் உயிரியல் கற்பித்த எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. ‘அசையாத உயிர்’ என்ற சொல்லை முதலில் விடுங்கள். கற்பித்த காலத்தில் நானும் அப்படித்தான் கரும்பலகையில் எழுதினேன். அது பாதி உண்மை. வளர்ந்த கடற்பஞ்சு தான் ஒட்டிய கல்லை விட்டுப் பெரும்பாலும் நகர்வதில்லை. ஆனால் அதன் இளம் பருவமான குடம்பி நீந்துகிறது. 9,000க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பயணம் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். எந்தக் கல், எவ்வளவு நிழல் என்பதெல்லாம் அதற்குள் முடிவாகிவிடும்.

2. பெயர்களை மனப்பாடம் செய்ய அவசரப்படாதீர்கள். உள்ளே கலங்கள் நிறைந்து, உடலைச் சுற்றிப் பிசிர் (அசையும் நுண்மயிர்) மூடியது பாரன்கைமெல்லா. உள்ளே குழியோடு, முன்பாதியில் மட்டும் பிசிர் கொண்டது ஆம்ஃபிபிளாஸ்டுலா. இது சில சுண்ணாம்புப் பஞ்சுகளில் வரும். தொடக்கத்துக்கு இவ்விரண்டும் போதும்.

3. உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் வெளிறிய குடம்பி கண்ணுக்குத் தெரியாது. கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, பக்கவாட்டில் டோர்ச் பிடியுங்கள். தூசி போல ஒரு புள்ளி தன்னைத்தானே சுழற்றியபடி நேராகப் போகும். அதற்கு வாய் இல்லை, குடல் இல்லை, நரம்பும் இல்லை. ஆனாலும் பல இனங்களின் குடம்பிகள் வெளிச்சத்தை விட்டு விலகித் திரும்பும். அவுஸ்திரேலியப் பவளத்திட்டில் வாழும் ஆம்ஃபிமெடான் குவீன்ஸ்லாண்டிகா என்ற பஞ்சின் மரபணுத்தொகுதி 2010இல் வெளியானது. அதன் குடம்பிக்குப் பின்முனையில் கருநிற வளையம் ஒன்று உண்டு. அங்குள்ள நீண்ட பிசிர்கள் வெளிச்சம் கூடுவதையும் குறைவதையும் உணர்ந்து சுக்கான் போல் வேலை செய்கின்றன. மூளை இல்லாமல், ஒவ்வொரு கலமும் தானே உணர்ந்து தானே திருப்புகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

4. ஒட்டும் நேரத்தில் கிண்ணத்தை அசைக்காதீர்கள், எழுந்தும் போகாதீர்கள். நான் ஒருமுறை தேநீர் குடித்துவிட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குடம்பி முன்முனையை அடியில் பதித்து, தோசை மா போலப் பரவித் தட்டையாகும். நீந்த உதவிய பிசிர்க் கலங்கள் பல உள்ளே நகர்ந்து வேறு கலங்களாக மாறும். சில நாளில் ஒரு சிறு வாய்த்துளை திறந்து தண்ணீரை வெளியே தள்ளும். அன்றுதான் அது பஞ்சு.

5. பார்த்ததை அன்றே வரையுங்கள். 1820களில் ரொபேர்ட் கிராண்ட் என்ற விலங்கியலாளர் எடின்பரோவுக்கு அருகிலுள்ள கடற்கரையில் இப்படித்தான் பொறுமையாக உட்கார்ந்து, பஞ்சின் கரு பிசிரால் நீந்துவதைக் கண்டார். அவரோடு கரையில் திரிந்த மாணவர்களில் இளம் டார்வினும் ஒருவர்.

6. மன்னாரை மறக்காதீர்கள். அங்குள்ள முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய 1902இல் ஹேர்ட்மன் என்ற விலங்கியலாளர் இலங்கைக்கு வந்தார். அவர் சேகரித்த பஞ்சுகளை ஆர்தர் டெண்டி என்ற மற்றொரு விலங்கியலாளர் 1905இல் விவரித்தார். அவற்றில் சிப்பி ஓட்டைத் துளைக்கும் பஞ்சும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குடம்பி ஓட்டில் வந்து ஒட்டியதில்தான் அந்தத் துளைகள் தொடங்கின.

7. நன்னீரிலும் தேடுங்கள். இலங்கை, இந்தியக் குளங்களில் நன்னீர்ப் பஞ்சுகள் உண்டு. பம்பாய்க் குளங்களில் அவற்றை 1840களிலேயே ஆராய்ந்த கார்ட்டர் என்ற மருத்துவரின் பெயரை ஓர் இனம் இன்றும் தாங்குகிறது. கோடையில் நீர் இறங்கும்போது பட்ட மரங்களின் அடியை வடிவாகப் பாருங்கள். காய்ந்து ஒட்டிய பஞ்சுக்குள் கடுகிலும் சிறிய மணிகள் இருந்தால் அவை ஜெம்யூல்கள். இவற்றைக் குடம்பி என்று எழுதி விடாதீர்கள். குடம்பி கருக்கட்டலில் பிறந்து நீந்துவது. ஜெம்யூல் கருக்கட்டாமலே உண்டாகி, வறட்சியைத் தாங்கிக் காத்திருந்து, தண்ணீர் வந்தபின் முளைப்பது. காய்ந்த பஞ்சைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்க வேண்டாம். அதில் கண்ணாடி போன்ற நுண்முட்கள் உண்டு.

8. தனியே குளத்தில் இறங்காதீர்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஓரடி கூட வைக்காதீர்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. எங்கேயும் தாய்ப் பஞ்சை வேரோடு பிடுங்க வேண்டாம், ஒரு சிறு துண்டு போதும்.

இந்தக் கோடையில் நீர் இறங்கியதும் சேர்ந்து வாருங்கள். கறுப்புத் துணியும் கண்ணாடிக் கிண்ணமும் என்னிடம் இருக்கின்றன.