காட்டு வழியும் அனுமதிச் சீட்டும்

நஞ்சன்கூட்டுத் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தந்தை ஒருவர், கோடை விடுமுறைக்குத் தம் மக்கள் இருவரையும் உதகையிலுள்ள பாட்டி வீட்டிற்கு அழைத்துச் செல்ல விரும்பினார். நஞ்சன்கூட்டிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை குண்டுலுப்பேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கேரளத்தின் வயநாட்டை நோக்கிச் செல்லும். மற்றொன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் ஊடே உதகையை அடையும்.

"பந்திப்பூர்க் காட்டைக் கடக்க நாம் பணம் கட்ட வேண்டுமா அப்பா?" என்று மகன் வினவினான்.

பந்திப்பூர், 1973ஆம் ஆண்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்க்கப்பட்ட காடு. இத்தகைய காடுகளுள் யார் நுழையலாம் என்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. காட்டினுள் வாழ உரிமை பெற்றோரும், பொது நெடுஞ்சாலை வழியே கடந்து செல்வோரும் நுழைவு அனுமதி பெற வேண்டியதில்லை. ஆனால், சாலையை விட்டு விலகிக் காட்டைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் வனத்துறையின் அனுமதியைப் பெற்று, அதற்குரிய கட்டணத்தையும் செலுத்துதல் வேண்டும். ஆகவே சாலை அனைவருக்கும் பொது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி யானைக்கு வாழைப்பழம் நீட்டும் உரிமை எவருக்கும் இல்லை, அது நஞ்சன்கூட்டின் புகழ்பெற்ற இரசபாளைப் பழமேயாயினும்!

சுற்றுலா வண்டியில் காட்டினுள் செல்வோர் செலுத்தும் தொகை எல்லார்க்கும் ஒன்றன்று. வெளிநாட்டினர் கூடுதலாகச் செலுத்துவர். ஒளிப்படக் கருவிக்குத் தனிக் கட்டணம் உண்டு; வில்லை நீளுந்தோறும் கட்டணமும் உயரும். இது பொருத்தமான முறையே. எனினும், நாட்கூலி பெறும் குடும்பம் ஒன்றிற்கு அடிப்படைக் கட்டணமே பெருஞ்சுமையாகலாம். காடு அனைவருக்கும் உரிய பொதுச்சொத்து எனும்போது, அதனைக் காணும் வாய்ப்பு பணம் படைத்தோர்க்கு மட்டும் எளிதாவது சரியா என்னும் கேள்வி எஞ்சவே செய்கிறது.

பணம் கொடுத்தும் பெற இயலாதவையும் உள. பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. விரையும் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மடிந்தமையால், 2009ஆம் ஆண்டில் இத்தடை பிறந்தது. குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் அவசர ஊர்திகளுக்குமே விலக்கு உண்டு. தடையை நீக்கக் கோரிக் கேரளத்தார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அருகிலுள்ள இமவத் கோபாலசாமி மலையிலோ, சொந்த வண்டிகள் அடிவாரத்திலேயே நின்றுவிடும். அரசுப் பேருந்தில்தான் மலையேற வேண்டும்.

"அப்படியானால் நமக்குச் சீட்டே வேண்டாம்" என்று மகன் மகிழ்ந்தான். அக்காள் மறுத்தாள். நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகள் நுழைய இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்ததை அவள் அறிந்திருந்தாள். அதற்குக் கட்டணம் இல்லை. இங்குதான் பலர் குழம்புகின்றனர். கட்டணம் என்பது கொடுக்கும் பணம். அனுமதி என்பது பெறும் இசைவு. ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கணக்கிடவே இ-பாஸ் வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் வார நாள்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. நீலகிரியில் பதிவு செய்யப்பட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை.

"நாம் போகும் நாளில் இடம் நிரம்பிவிட்டால் பாட்டியைப் பார்க்க முடியாதா?" என்றான் மகன்; அவன் குரல் தழுதழுத்தது.

"அரசுப் பேருந்தில் செல்வோர்க்கு இ-பாஸ் வேண்டாம், தம்பி" என்றாள் அக்காள். தந்தை கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பேருந்து நேரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அருஞ்சொற்பொருள்
இசைவு – சம்மதம்; வில்லை – லென்ஸ்; உச்சவரம்பு – மேல் எல்லை

சிந்தித்து எழுதுக
1. காட்டினுள் நுழைய அனுமதி பெற வேண்டாதவர் யாவர்?
2. கட்டணத்திற்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்திலிருந்து ஒரு சான்று தந்து விளக்குக.
3. பள்ளி மாணவர்க்குக் காட்டு நுழைவுக் கட்டணத்தைக் குறைக்க வேண்டி, வனத்துறை அலுவலர்க்குக் கடிதம் எழுதுக.