டி.வி.யைக் கொஞ்சம் கீழே இறக்குங்க!

சங்கரன்கோவிலில் பகல் முழுக்கத் தறியில் குனிந்திருப்பவர், ராத்திரி பாயில் உட்கார்ந்து, வாசல் நிலைக்கு மேலே மாட்டிய டி.வி.யை அண்ணாந்து பார்க்கிறார். கழுத்து என்னதான் செய்யும்? அமெரிக்காவில் கணப்படுப்புக்கு மேலே மாட்டுகிறார்களாம். கணப்பே தேவைப்படாத ஊருக்கு அந்த உயரம் எதுக்கு?

அண்ணாந்தே இருந்தால் பிடரித் தசை இறுகும். கழுத்தெலும்புகளின் இடையே நரம்பு வெளிவரும் துளை குறுகும். விழி அகலத் திறப்பதால் கண்ணும் சீக்கிரம் உலரும். வலி கையில் இறங்கி விரல் மரத்தால் ‘சகன வாதம்’ என்போம். உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாகத் தடவலாம். டி.வி.யை இறக்காமல் தைலம் மட்டும் தேய்ச்சு என்ன பிரயோசனம்? கை பலம் குறைந்தாலோ நடை தடுமாறினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தால் கண் மட்டம் சுமார் மூன்றரை அடி, பாயில் இரண்டரை. திரையின் நடுப்பகுதி அங்கே இருக்கட்டும். குழந்தை இழுத்துச் சாய்ச்சிடுமே என்று பயமா? ஸ்டாண்டில் வைக்காமல், அதே உயரத்தில் சுவரிலேயே திருகி மாட்டிவிடுங்கள்.