சிறு நிறுவனங்களில் ஊழியர் மோசடி: கண்டறியும் வழிகள்

சிறு நிறுவனங்களில் பொருளை விற்பதும், ரசீது எழுதுவதும், பணம் பெறுவதும் பெரும்பாலும் ஒருவர் பொறுப்பிலேயே அமைந்துவிடுகின்றன. செலவு கருதி ஏற்படும் இந்த அமைப்பே மோசடிக்கு இடமளிக்கிறது.

திருவனந்தபுரத்தில் ஒரு சிறு அலங்கார நகைக் கடை தொடர்பாக 2025 ஜூனில் வெளியான வழக்கு இங்குக் கருதத்தக்கது. கடையின் க்யூ.ஆர். குறியீட்டுக்குப் பதிலாகத் தம் குறியீட்டைக் காட்டி, வாடிக்கையாளர் செலுத்திய சுமார் 69 இலட்சம் ரூபாயை ஊழியர் மூவர் திருப்பிக்கொண்டனர் என்பது குற்றச்சாட்டு. ஊழியர்கள் அதனை மறுத்தனர். உண்மையைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆயினும் இத்தகைய முறைகேட்டின் இயல்பு தெளிவானது: பணம் கடையின் வங்கிக் கணக்கை எட்டுவதே இல்லை, எனவே, அக்கணக்கை மட்டும் பார்த்தால் குறை புலப்படாது. அதனைக் காட்டிக்கொடுப்பது சரக்கிருப்பே.

கணக்கிடும் முறை எளிது. வாரத் தொடக்கத்தில் 100 பொருள்கள் இருந்தன, 40 வாங்கப்பட்டன, இறுதியில் 90 எஞ்சின எனக் கொள்வோம். வெளியேறியவை 50. ரசீதுகள் 42 பொருள்களுக்கே இருப்பின், எஞ்சிய 8 பொருள்களுக்கு விளக்கம் வேண்டும். உடைந்தவையா, களவு போனவையா, ரசீதின்றி விற்றவையா என ஆராய வேண்டும். இருப்பை எண்ணுபவர் விற்பனையாளராக இருத்தல் கூடாது. ரசீதுத் தொகையை ரொக்கத்துடனும் வங்கி வரவுடனும் உரிமையாளரே நாள்தோறும் ஒப்பிட வேண்டும். ஒட்டப்பட்ட குறியீட்டில் 1 ரூபாய் செலுத்தி, அது கடைக் கணக்கில் சேர்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கலாம்.

கடவுச்சொல்லும் சாவி போன்றதே. அதே நகரின் வஞ்சியூர் சார்கருவூலத்தில், ஓய்வுபெற்ற அலுவலரின் கடவுச்சொல் கொண்டு சுமார் 2 கோடி ரூபாய் மாற்றப்பட்டதாக 2020 ஆகஸ்டில் தெரியவந்தது. பணியிலிருந்து விலகுபவரின் அனுமதிகளை அன்றே நீக்குதல் அவசியம்.

அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மோசடி ஆய்வாளர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஆராயப்பட்ட மோசடிகளில் 43 விழுக்காடு தகவல் கொடுத்தவர்களாலேயே வெளிப்பட்டது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஊழியர்கள். ஆகவே, அச்சமின்றித் தகவல் கூற ஊழியருக்கு வழி இருக்க வேண்டும்.

ஊழியர் புரியும் நம்பிக்கை மோசடிக்குப் பாரதிய நியாய சம்ஹிதையின் 316(4) பிரிவு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. எனினும், ஐயத்தின் பேரில் உரிமையாளரே தண்டனை வழங்க முற்படலாகாது. ஆவணங்களைப் பாதுகாத்துக் காவல்துறையை அணுகுவதே முறை. ஒழுங்கான சோதனை நேர்மையான ஊழியருக்கு அவமதிப்பன்று. வீண்பழியினின்று அவரைக் காக்கும் அரணுமாகும்.