உயிரணுவின் அடையாளம்

பூவாத காலத்தில் கொடைக்கானல் மலைச்சரிவுகளில் நீலக்குறிஞ்சியைப் பிற புதர்களினின்று பிரித்தறிவது எளிதன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பூக்கும். 2018இல் பூத்தபோது பழனிமலைக்கு வந்தோர் யாவரும் அதனை இனங்கண்டனர். குருதியிலுள்ள பி செல்லும் டி செல்லும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். புற்றுநோய் எச்செல்லில் தோன்றியது என்பதைப் பொறுத்தே மருந்து அமையும். நோயோ மருத்துவருக்குப் பன்னிரண்டு ஆண்டு தவணை தருவதில்லை.

பி செல்லின் மேற்பரப்பில் சி.டி. 20 என்னும் புரதம் உண்டு. டி செல்லில் பெரும்பாலும் இராது. அப்புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயத்தை இணைத்துச் சேர்த்தால், லேசர் ஒளி படும்போது பி செல்கள் ஒளிர்ந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

எதிர்ப்பொருளை உண்டாக்குவதும் பி செல்லே என்பது வியப்பு. ஆனால், உடலுக்கு வெளியே அது நெடுநாள் வாழாது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் சுண்டெலியின் பி செல்லை ஓயாது பெருகும் புற்றுச்செல்லோடு இணைத்தனர். கொல்லும் புற்றே கருவியாயிற்று. ஒரேவகை எதிர்ப்பொருள் தடையின்றிக் கிடைத்தது. அவர்கள் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1984இல் நீல்ஸ் யெர்னேயுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

அடையாளமாக இருந்த சி.டி. 20 பின்னர் மருந்தின் இலக்குமாயிற்று. ரிட்டுக்ஸிமாப் என்னும் எதிர்ப்பொருள் 1997இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. அதனையொத்த மருந்தை 2007இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்தியாவில் வெளியிட்டது. நோயுற்ற பி செல்லோடு நலமான பி செல்லையும் அது அழிக்கும். எனினும், குருதியணுக்களைத் தோற்றுவிக்கும் தாய்ச்செல்களில் சி.டி. 20 இல்லை, மருந்து நின்ற சில மாதங்களில் அவற்றினின்று புதிய பி செல்கள் மெல்லப் பெருகத் தொடங்கும்.