சொட்டு நீர்ப் பாசனத்துக்கு ஓர் எக்ஸெல் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, எக்ஸெல்லில் என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய் போடுமுன் இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் போடாமல், நான்கு பாத்திகளுக்கும் ஒரே குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோனேன். முதல் பாத்தியில் சேறு. கடைசிப் பாத்தியில் கத்தரிச் செடிகள் வாடிவிட்டன.

எக்ஸெல்லைத் திறந்து, ஏ நெட்டு வரிசையில் பெயர்களையும் பி நெட்டு வரிசையில் எண்களையும் டைப் செய்யுங்கள்.

பி1: பாத்தியின் நீளம் (மீட்டர்) – 15
பி2: டிரிப்பர் இடைவெளி (மீட்டர்) – 0.3
பி3: ஒரு டிரிப்பர் மணிக்குத் தரும் லிட்டர் – 4
பி4: பாத்திகளின் எண்ணிக்கை – 4

இனி பி5 செல்லில் சமக்குறி (=) இடுங்கள். பி1 செல்லை மவுஸால் கிளிக் செய்து, / குறியிட்டு, பி2 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு பாத்திக்கு 50 டிரிப்பர்கள் என வரும்.

இதே முறையில் பி6-ல் பி5-ஐ பி3-ஆல் பெருக்குங்கள். பெருக்கல் குறிக்கு (*) ஷிப்ட் கீயுடன் 8-ஐ அழுத்த வேண்டும். ஒரு பாத்திக்கு மணிக்கு 200 லிட்டர். பி7-ல் பி6-ஐ பி4-ஆல் பெருக்கினால் 800 லிட்டர்.

ஒரே குழாய் என்றால் 800 லிட்டரும் அதன் வழியாகவே போக வேண்டும். உராய்வால் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். சாதாரண டிரிப்பரில் வரும் நீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பி8-ல் =4*0.5^0.5 என டைப் செய்யுங்கள் (^ குறிக்கு ஷிப்ட்டுடன் 6). அழுத்தம் பாதியானால் 4 லிட்டர் 2.83 ஆகிவிடுவது தெரியும்.

தீர்வு என்ன? பாத்திகளின் தலைப்பில் குறுக்கே ஓர் அகலமான குழாய் போட்டு, அதிலிருந்து பாத்திக்கு ஒரு தனிக் குழாய் எடுங்கள். ஒவ்வொன்றிலும் நீளமும் கால் பங்கு, ஓட்டமும் கால் பங்கு. அழுத்த இழப்பு நீளத்தோடு நேராகவும், ஓட்டத்தின் 1.75 அடுக்கிலும் கூடும். இரண்டும் சேர்ந்து 2.75. பி9-ல் சமக்குறி இட்டு, பி4-ஐக் கிளிக் செய்து ^2.75 என முடியுங்கள். விடை 45.25. அதாவது இழப்பு ஏறக்குறைய 45-ல் ஒரு பங்காகிவிடும்!

போட்டபின் சோதியுங்கள். முதல் டிரிப்பரின் கீழும் கடைசி டிரிப்பரின் கீழும் 15 நிமிடம் பாத்திரம் வையுங்கள். சரியான அழுத்தத்தில் ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் சேரும். கடைசி அளவை முதல் அளவால் வகுத்து, 0.9-க்குக் குறைந்தால் குழாயை மேலும் பிரியுங்கள்.

உங்கள் பாத்தி நீளத்தை பி1-ல் மாற்றினால் பி5, பி6, பி7 விடைகள் தாமாகவே மாறும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதையே செய்யலாம்.