சிறையில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?



நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் ஒரு வீட்டுப் பிள்ளை துபாய்க்குப் போனால் தெருவெல்லாம் தெரியும்; புழலுக்குப் போனால் அடுத்த வீட்டுக்கும் தெரியாதபடி வாயைப் பொத்திக்கொள்கிறோம். "தம்பி எங்கே?" என்று கேட்டால், "வெளியூரில் வேலை" என்கிறோம். உறையின்மேல் "மத்திய சிறை" என்று எழுதினால் தபால்காரர் பார்த்துவிடுவாரே என்று கூசி, மாதக்கணக்கில் ஒரு வரியும் எழுதாத வீடுகள் உண்டு. தபால்காரர் கையில் நூறு உறை. உள்ளே இருப்பவன் காத்திருப்பதோ அந்த ஒன்றுக்கு.

"மனு பார்க்கத்தான் போகிறோமே, கடிதம் எதற்கு?" என்பார்கள் சிலர். மனு பார்ப்பது அவசியமே. காவலில் இருப்பவர் தம் குடும்பத்தாரையும் வக்கீலையும் சந்திப்பது, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு காக்கும் ஜீவ உரிமையைச் சேர்ந்தது என்று 1981-ல் பிரான்சிஸ் கொரலி முல்லின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் அங்கே கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதிலும் பாதி வக்கீல், ஜாமீன், பணம் என்றே கரைந்துபோகும். கடிதமோ தலைமாட்டில் கிடக்கும். தூக்கம் வராத ராத்திரியில் எடுத்து வாசிக்கலாம்.

அர்ச். தோமாஸ் மோர் இதற்குச் சாட்சி. இங்கிலாந்தின் சான்சலராயிருந்த அவரை, எட்டாம் ஹென்றி அரசன் கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்ததற்காக 1534 ஏப்ரலில் லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். மூத்த மகள் மார்கரெட் அவருக்குக் கடிதம் எழுதிவந்தாள். எழுதுகோல் கிடையாதபோது அவர் கரித்துண்டால் பதில் எழுதினார். உன் அன்பான கடிதங்கள் தந்த சந்தோஷத்தை எழுதிமுடிக்க ஒரு மரக்கால் கரியும் போதாது என்று பொருள்பட மகளுக்குச் சொன்னார். 1535 ஜூலை 6-ம் தேதி சிரச்சேதம். முந்தின நாள் எழுதிய கடைசிக் கடிதமும் அவளுக்கே, அதுவும் கரியால்தான்.

நம் நாட்களில், திருச்சி ஜில்லாவில் பிறந்த சேசுசபைக் குரு ஸ்டான் சுவாமியை 2020 அக்டோபர் 8-ம் தேதி, தமது 83-ம் வயதில், ராஞ்சியில் கைதுசெய்து மகாராஷ்டிரத்துத் தலோஜா சிறைக்குக் கொண்டுபோனார்கள். கைநடுக்க வியாதியால் தம்ளரைப் பிடிக்க முடியாதவர். அங்கிருந்து நண்பருக்கு எழுதியபோது அவர் பெரிய விஷயம் ஒன்றும் எழுதவில்லை: தமக்குச் சாப்பாடு ஊட்ட உதவுவது யார், துணி துவைத்து முழங்காலைப் பிடித்துவிடுவது யார், அறையில் கூட இருக்கும் இருவரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்பதே சமாச்சாரம். 2021 ஜூலை 5-ம் தேதி, ஜாமீன் கிடைக்காமலே, மும்பை ஆஸ்பத்திரியில் காலமானார்.

வீட்டிலிருந்து போகிற கடிதமும் அப்படிச் சின்ன விஷயங்களால் நிறைந்திருக்கட்டும். பருத்திப்பட்டு ஏரியில் தண்ணீர் நின்றதா, தங்கைக்கு எஸ்டேட்டில் எந்த ஷிப்டு, முருங்கை காய்த்ததா, இந்த மாதம் வாடகை எப்படிச் சமாளித்தீர்கள், இவையெல்லாம் எழுதத் தக்கவை. "இங்கு எல்லோரும் சுகம்" என்று ஒரே வரியில் முடித்தால் அவன் எதையோ மறைக்கிறார்கள் என்றே எண்ணுவான். அம்மாவுக்குச் சுகமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரி, கூட இருப்பது யார் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய குற்றத்தைக் கிளறிப் புத்திமதி சொல்வதற்கு இன்லண்ட் லெட்டரில் இடம் போதாது.

பிள்ளைகள் விஷயம் கடினம். விபரம் தெரிந்த பிள்ளைக்கு உண்மையை அளவோடு சொல்லிவிடுவதே நலம் என்பது என் அபிப்பிராயம். பள்ளிக்கூடத்தில் வேறொருவன் வாயால் கேட்பதைவிட அது மேல். அப்புறம் அதுவே அப்பாவுக்குப் படம் வரைந்து அனுப்பும்.

இனி விலாசம். சென்னை நடுவிலிருந்த பழைய ஜெயில் 2006-ல் புழலுக்கு மாறியது. அங்கே தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியே ஒன்று என மூன்று சிறைகள். எந்தச் சிறை என்பதோடு பெயர், தகப்பன் பெயர், கைதி எண் மூன்றும் வேண்டும். ஒரே பெயரில் பலர் இருப்பார்களல்லவா? அதிகாரிகள் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆகவே வழக்கைப் பற்றிய பேச்சை வக்கீலிடம் விட்டுவிடுங்கள். பணத்தை உறைக்குள் வைக்க வேண்டாம். விடுதலையாகி வருகிறவன், காவலர் என்று யார் மூலமாகவும் ரகசியச் சீட்டுக் கொடுக்காதீர்கள். 1894-ம் வருஷத்துச் சிறைச்சட்டம் 42-வது பிரிவின்படி அது குற்றம், கஷ்டம் அவனுக்கே கூடும்.

புகைப்படம் அனுப்பலாமா, எத்தனை என்பதை மனு பார்க்கப் போகும்போது அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் போடாத வெறும் படமாக, பின்புறம் தேதியும் பெயர்களும் எழுதி அனுப்புங்கள். அவன் இல்லாமல் நடந்த கல்யாணத்தின் படத்தை அனுப்பினால் வருந்துவானோ என்று சிலர் தயங்குகிறார்கள். வருந்துவான்தான். ஆனாலும் அனுப்புங்கள், யாரோ சொல்லித் தங்கை கல்யாணத்தைத் தெரிந்துகொள்வது அதைவிடக் கசப்பு.

கடிதங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுவந்தால், எது போய்ச் சேரவில்லை என்பது இரு பக்கமும் தெரியும். பதில் வராவிட்டால் கோபிக்க வேண்டாம். எழுதத் தெரியாதவனாயிருந்தால் இன்னொரு கைதி ஓய்வாயிருக்கும் நேரம் பார்த்துத்தான் எழுதச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரியாதவனுக்கும் அந்த இன்னொருவனே வாசித்துக் காட்டுவான். ஆகையால் எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதுங்கள்.